பசியோடு எழுதும் உணவுப் பட்டியல்

மட்டாஞ்சேரியில் பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. எங்கள் மகள் நான்கு மாதங்களாகக் காலை ஏழு மணிப் பேருந்தில் ஏறி, தோப்பும்படி வழியாக எறணாகுளத்திலுள்ள ஒரு மருத்துவமனைக்குச் சென்று வருகிறாள். அங்கு அவள் பயிற்சி உணவியலாளர். யார், எதை, எப்போது, எவ்வளவு உண்ண வேண்டும் என்று கணக்கிட்டு எழுதுவது அவள் பணி. அவளுடைய மதிய உணவுப் பெட்டியோ வாரத்தில் மூன்று நாளாவது திறக்கப்படாமலே வீடு திரும்புகிறது.

இந்திய உணவியல் சங்கத்தின் பதிவுத் தேர்வை எழுத விரும்பும் முதுநிலைப் பட்டதாரி, ஆறு மாதம் மருத்துவமனையில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். நாடாளுமன்றம் 2021இல் இயற்றிய சட்டமும் உணவியலாளரை நலவாழ்வுத் தொழிலர் வரிசையில் சேர்த்துள்ளது. தொழிலின் மதிப்பு உயர்ந்திருப்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதைக் கற்பவர்களின் நலனைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை.

பயிற்சியாளரின் நாள் எளிதன்று. இரவில் சேர்க்கப்பட்டவர்களின் விவரங்களைக் குறிக்க வேண்டும். முந்தைய 24 மணி நேரத்தில் அவர்கள் உண்டதைக் கேட்டறிய வேண்டும். குழாய்வழி உணவுக்குக் கலோரியும் புரதமும் கணக்கிட வேண்டும். சமையற்கூடத்தில் ஒவ்வொரு தட்டையும் சரிபார்க்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து செல்லும் நோயாளிகளோ பலவகைச் சமையலில் பழகியவர்கள். குஜராத்தி சாலையில் வாழ்பவரின் ரொட்டியும் பருப்பும், கொங்கணி வீட்டின் தேங்காய்க் குழம்பும், மலையாளியின் கப்பையும் மீனும், எங்கள் வீட்டு இட்லியும் ஒரே பட்டியலுக்குள் அடங்குவதில்லை. இவற்றையெல்லாம் அறிவதற்கு உழைப்பு தேவை. அந்த உழைப்பைக் குறைக்கும்படி நாங்கள் கேட்கவில்லை.

நாங்கள் கேட்பது உண்பதற்கான அரைமணி நேரத்தை மட்டுமே. ஒருநாள் பிற்பகல் மூன்றரை மணிவரை எதுவும் உண்ணாமல் இருந்த எங்கள் மகள், சிறுநீரகம் செயலிழந்த ஒருவரின் பட்டியலில் இளநீரைச் சேர்த்து எழுதிவிட்டாள். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. அது இரத்தத்தில் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். மூத்த உணவியலாளர் ஒருவர் உடனே கண்டு திருத்தியதால் தீங்கு நேரவில்லை. அன்றிரவு அவள் சொன்னது இன்னும் எங்கள் காதில் ஒலிக்கிறது: "அப்பா, அது எனக்குத் தெரியாதது இல்லை. கண் பார்த்தது, மனம் பார்க்கவில்லை."

"நாங்களும் பட்டினி கிடந்துதான் தொழில் கற்றோம்" என்று மூத்தவர்கள் சொல்வதுண்டு. அவர்கள் பட்ட துன்பத்தை நாங்கள் மதிக்கிறோம். எனினும் அவர்கள் தேர்ந்தது கற்றதனால், பட்டினியால் அன்று. திருக்குறளின் 95ஆம் அதிகாரமான 'மருந்து' பெரும்பாலும் உணவின் அளவையும் காலத்தையுமே பேசுகிறது. அதன் இறுதிக் குறள் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பேணுபவரையும் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக எண்ணுகிறது. பேணுபவர் சோர்ந்தால் அந்த நான்கில் ஒன்று குறைகிறது.

தன்னைப் பேணுவது பயிற்சியாளரின் சொந்தப் பொறுப்பு என்று விட்டுவிடலாகாது. பசிக்கிறது என்று சொன்னால் அக்கறையற்றவள் என்று எண்ணிவிடுவார்களோ என அஞ்சும் நிலையில் இருப்பவர் அவர். ஆகவே மருத்துவமனைகள் உணவு இடைவேளையைப் பணி அட்டவணையிலேயே எழுதி, அந்த அரைமணி நேரத்துக்கு மாற்றாள் ஒருவரையும் குறிக்க வேண்டும். ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளைக் கொண்டு, நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி உண்ணுமாறு நோயாளிக்கு அறிவுறுத்துகிறாள் எங்கள் மகள். அவளோ மாலை ஐந்து மணிக்கு ஒரு பழம்பொரியும் தேநீரும் கொண்டு பசியாறுகிறாள்.

பெற்றோராகிய நமக்கும் கடமை உண்டு. பல இடங்களில் இப்பயிற்சிக்கு ஊக்கத்தொகை கிடைப்பதில்லை, கிடைத்தாலும் சிறிதே. ஆகவே மேற்படிப்புக்குத் திட்டமிடும்போதே அந்த ஆறு மாத உணவுக்கும் போக்குவரத்துக்கும் தனியே சேமித்து வைப்பது நல்லது. கல்விக்கடன் பெற்றிருந்தால், பொதுவாகப் படிப்புக் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் தவணை செலுத்தத் தேவையில்லை. வட்டி மட்டும் சேர்ந்துகொண்டிருக்கும். பயிற்சிக்காலம் பெரும்பாலும் அந்த ஓராண்டுக்குள் அடங்கிவிடும். உங்கள் கடனுக்குரிய விதியைக் கிளையில் முன்கூட்டியே கேட்டறியுங்கள். கடனை அடைக்கும் அவசரத்தில் பிள்ளைகள் பயிற்சியோடு மாலை வேலையும் ஏற்று உறக்கத்தை இழக்கும் நிலை அதனால் தவிரும்.

நாங்கள் இப்போது இரண்டு சிறு மாற்றங்களைச் செய்திருக்கிறோம். பெரிய பெட்டிக்குப் பதிலாக, நின்றபடியே உண்ணக்கூடிய சுண்டலும் வாழைப்பழமும் இரு சிறு டப்பாக்களில் செல்கின்றன. "இன்று எத்தனை நோயாளிகள்?" என்று கேட்பதற்கு முன், "எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய்?" என்று கேட்கிறோம். அட்டவணையில் அந்த அரைமணி நேரம் இடம்பெறும் நாளில் எங்களுக்கு இந்தக் கேள்வியும் தேவைப்படாது.