ஆவணியில் வருகிற அப்பாக்கள்

சங்குப்பிட்டிப் பாலத்தில் வாடகை வான்கள் நிற்கத் தொடங்கிவிட்டன. நல்லூரில் தேரும் தீர்த்தமும் முடிய, வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் ஏ-32 வீதியால் பூநகரிக்கு இறங்குகிற காலம் இது. சோளகக் காற்றில் தலைமயிர் பறக்கப் பறக்கப் பாலத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். 288 மீற்றர் நீளமான இந்தப் பாலம் 2011 தை மாதம் திறந்தது. அதற்கு முன்னர் கேரதீவில் பாதைப் படகில் ஏறிக் கடலேரியைக் கடந்த கதையை அப்பாக்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். பிறகு போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பெருப்பித்த கோட்டை, கௌதாரிமுனை மணல்மேடு, பள்ளிக்குடாவில் நண்டு. நாலைந்து நாளில் எல்லாம் பார்த்து முடிந்துவிடும். மிச்ச நாள்களில் வீட்டில்தான் இருக்கவேண்டும். அப்பாக்களுக்குச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வெளிநாட்டில் இவர்கள் பொழுது விடியமுன் ஒரு வேலைக்கும் பின்னேரம் இன்னொரு வேலைக்கும் ஓடுகிறவர்கள். பிள்ளைகள் கண்ட அப்பா அநேகமாக நித்திரை கொள்கிற அப்பா. அவர் கத்தினால், “அப்பாவுக்குக் களைப்பு” என்று அம்மா சமாதானம் சொல்வார். பல வருடமாக அந்தக் குடும்பம் அந்த ஒரு சொல்லை நம்பி நடந்திருக்கிறது. பூநகரியில் வேலை இல்லை, பேருந்தைப் பிடிக்கிற அவசரம் இல்லை, முதலாளி இல்லை. அப்படியிருந்தும் அப்பா கத்துகிறார். அப்போதுதான் பிள்ளைகள் அவரை நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

சுவீடன் நாட்டு இயக்குநர் ரூபன் ஒஸ்ட்லுண்ட் 2014இல் எடுத்த ‘ஃபோர்ஸ் மஜூர்’ என்ற படம் இதைப் பற்றியதுதான். பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்கப் போகிற ஒரு குடும்பம். அப்பா, அம்மா, ஒரு மகள், ஒரு மகன். திறந்தவெளி உணவகத்தில் இருந்து சாப்பிடுகையில், வெடி வைத்துச் சரித்த பனி அவர்களை நோக்கி வருவதுபோலத் தெரிகிறது. அம்மா பிள்ளைகளைக் கட்டிப் பிடிக்கிறாள். அப்பா போனையும் கையுறையையும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறார். பனி அவ்வளவு தூரம் வரவில்லை, வெண்புகை மட்டும் பரவி அடங்குகிறது, ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. அவர் திரும்பி வந்து கதிரையில் இருக்கிறார். 2020இல் அமெரிக்காவில் ‘டவுன்ஹில்’ என்று திருப்பி எடுத்தார்கள். முதற்படத்தின் கூர்மை அதில் இல்லை.

அவர் ஓடியதை மனைவியால் மன்னிக்க முடிந்திருக்கும். உயிர்ப்பயம் ஆரையும் ஓட வைக்கும். அவளைச் சுட்டது அதற்குப் பிறகு நடந்தது. “நான் ஓடவில்லை” என்று அவர் ஆள்கள் முன்னால் சாதிக்கிறார். கடைசியில் அவருடைய போனிலேயே பதிவாகியிருந்த காட்சியைப் போட்டுப் பார்க்கவேண்டி வருகிறது. ஒரு சொல்லில் தீர்ந்திருக்கக்கூடிய விஷயம் விடுமுறை முழுவதையும் தின்றுவிடுகிறது.

அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து ஆவணியில் வருகிற அப்பாக்களை நான் வேறு கண்ணால் பார்க்கிறேன். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீடு. தம்பி தொண்ணூறுகளில் வெளிக்கிட்டவர், அக்கா இங்கேயே நின்றவர். 2008 கார்த்திகையில் பூநகரி இராணுவத்திடம் போவதற்கு முன்பே அக்கா தாயையும் கூட்டிக்கொண்டு இடம்பெயர்ந்துவிட்டார். கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன். அந்த ஊர்களை இதே வரிசையில் சொல்லக்கூடியவர்கள் இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். மாத்தளனில் தாய் போய்விட்டார். அக்கா செட்டிகுளம் முகாமில் இருந்து தனியத்தான் ஊருக்குத் திரும்பினார். வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை.

தம்பி காசு அனுப்பினார். அதை ஒருநாளும் குறைத்துச் சொல்லக்கூடாது. அந்தக் காசில்தான் கூரை எழும்பியது, மதில் வந்தது. ஆனால் காசோடு கட்டளையும் வந்தது. வளவு முழுக்கத் தென்னை வை, கிணற்றுக்கு மோட்டர் பூட்டு, நல்லாய் இறை. பூநகரிக் கிணற்றை அறிந்தவர்களுக்கு இது எங்கே போய் முடியும் என்று தெரியும். மூன்று பக்கமும் உப்புத்தண்ணீர் சூழ்ந்த நிலம் இது. மாரி மழை மணலுக்குள் இறங்கி, உவர்நீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது. வாளியால் அள்ளும்வரை அது நல்ல தண்ணீர். மோட்டர் போட்டு மணிக்கணக்கில் இறைத்தால் அடியில் கிடக்கிற உப்பு மேலே ஏறிவிடும். ஏறியது இலேசில் இறங்காது. அக்காவின் கிணறும் அப்படித்தான் போனது. தென்னம்பிள்ளைகளின் ஓலை நுனி கருகியது. குடிக்கப் பவுசர் தண்ணீர், குளிக்க உவர்.

இந்த முறை தம்பி வந்து, சின்ன வயதில் குடித்த கிணறு என்று ஒரு செம்பு அள்ளி வாயில் வைத்துவிட்டுத் துப்பினார். பிறகு சத்தம். இவ்வளவு காசு அனுப்பியும் வளவைப் பார்க்கத் தெரியவில்லை, ஒருவருக்கும் பொறுப்பில்லை என்று. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் விறாந்தையில் நிற்கிறார்கள்.

“எனக்கு ஏன் ஒரு சொல் சொல்லேல்லை?”

“சொன்னனான் தம்பி. கூட இறைச்சா உவராகும் எண்டு ரெண்டு தரம் சொன்னனான். நீ, செய்யச் சொன்னதைச் செய் எண்டு போனை வைச்சிட்டாய்.”

அக்கா இதைக் கோபத்தில் சொல்லவில்லை. அரிசி அரித்துக்கொண்டே சொன்னார். அதனாலேயே அது தைத்திருக்கவேண்டும். பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களுக்கு அந்தத் தொனி புதிதல்ல.

போனவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தொண்ணூறுகளில் இந்த மண்ணில் நின்ற இளைஞனுக்கு எத்தனை வழி இருந்தது? 1993 கார்த்திகையில் பூநகரி முகாமில் நடந்த சண்டையை நேரில் கண்ட தாய்மார், வளவை ஈடு வைத்துப் பிள்ளையை அனுப்பினார்கள். போனவர்களும் சும்மா இருக்கவில்லை. 2009இல் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் தெருவில் இறங்கிக் கத்தினார்கள், இரவிரவாகப் போனைக் கையில் வைத்துக்கொண்டு விழித்திருந்தார்கள். தாய் சாகையில் பக்கத்தில் இல்லாமல் போனது அவர்களுக்கு ஆறாத புண். ஆனால் அந்தப் புண்ணை அவர்கள் காட்டுகிற விதம்தான் பிழைத்துப்போகிறது. “நான் இருக்கேல்லை” என்று சொல்ல முடியாதவர், எல்லாவற்றையும் தானே நடத்தினவர்போலப் பேசத் தொடங்குகிறார். இல்லாமல் போன வருடங்களைக் காசாலும் கட்டளையாலும் நிரப்பப் பார்க்கிறார். இங்கே நின்றவர்களிடம் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்.

கடைசியில் அந்த வீட்டில் கேட்டது தம்பியின் மகள். பதின்மூன்று பதினாலு வயது இருக்கும். ஒரு பின்னேரம் ஒடியல் கூழ் காய்ச்சி அயலையும் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போயிருந்தேன். பலாவிலைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, உடைந்த தமிழில் அந்தப் பிள்ளை கேட்டது:

“மாமி, அப்பம்மாவை எங்க தாட்டது?”

அக்கா தம்பியைப் பார்த்தார். பிறகு சொன்னார். மருந்து இல்லாமல் மூன்று நாள் கிடந்தது, பக்கத்துப் பங்கரில் இருந்த பெடியன்கள் இரண்டு பேர் ஷெல் ஓய்ந்த நேரம் பார்த்துக் கிடங்கு வெட்டினது, போர்த்தத் தன் கூறைச்சேலையை எடுத்தது, அடையாளத்துக்கு வைத்த தடியை அடுத்த நாளே காணாதது. எல்லாம் ஒரே மூச்சில். அத்தனை வருடமும் அதைச் சொல்லத் தயாராக இருந்தவர்போல.

“இதை நீ எனக்குச் சொல்லவே இல்லையே அக்கா.”

“நீ கேக்கேல்லையேடா.”

அவர் எழும்பிப் போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன். இப்படியான இடங்களில் ஆண்கள் படலையடிக்குப் போய் போனில் கதைப்பதை எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். அவர் போகவில்லை. கூழ் ஆறிப் படை கட்டும்வரைக்கும் இருந்து, “பிறகு?” என்று கேட்டார். அக்கா சொல்லச் சொல்லத் திரும்பவும் “பிறகு?” என்றார். அந்தப் பெடியன்கள் ஆர், இப்போது எங்கே, ஒருவனாவது இருக்கிறானா என்று கேட்டார். ஒருவன் முழங்காவிலில் இருக்கிறான் என்றார் அக்கா. அடுத்த நாள் வான் அங்கே போனது. பிள்ளைகளும் போனார்கள்.

ஊர் பார்க்க வருகிற குடும்பங்களுக்கு நான் ஒன்று சொல்வேன், கோபிக்கவேண்டாம். பிள்ளைகளுக்குக் கோட்டையைக் காட்டுவது நல்லது, மணல்மேட்டைக் காட்டுவதும் நல்லது. அதைவிட, தங்கள் அப்பா தன் அக்காவிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வதை அவர்கள் ஒருமுறையாவது காணவேண்டும். எனக்குத் தெரியாது, நீ சொல்லு என்று அப்பா சொல்வதைக் கேட்ட பிள்ளை, நாளைக்குத் தன் பிழையை அவரிடம் வந்து சொல்லும்.

அந்தத் தம்பி இந்த வருடம் வீட்டுக்கு மேல்மாடி எழுப்புகிற எண்ணத்தோடு வந்தவர். படம் கீறின தாளையும் கொண்டுவந்திருந்தார். போகிறதுக்கு முதல் நாள் அக்காவிடம் உனக்கு என்ன வேணும் என்று கேட்டிருக்கிறார். மேல்மாடியை ஆர் கூட்டுவது, கூரைத் தண்ணியைப் பிடிக்க ஒரு தொட்டி கட்டித் தா, மோட்டரைக் கழற்றிவிடு, நாலு மாரி போனால் கிணறு கொஞ்சம் தெளியும் என்றிருக்கிறார் அக்கா. மோட்டர் கழன்றுவிட்டது. தொட்டிக்கு மேசன் வந்து அளவெடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஐப்பசி மழைக்கு முன்னர் வேலை முடியவேண்டும்.