தென்னைக்கு எமன், டப்பாவில் அமிர்தமா?

போன மாசம் எங்க ஊர்ப்பக்கம் நடந்த இயற்கை உழவர் சந்தையில், கம்பு, கேழ்வரகுக் கடைகளுக்கு நடுவே ஒரு மேசையில் 'ரெய்ஷி' காளான் கேப்சூல் விற்றார்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, புற்றுநோய் எல்லாம் ஓடிப்போகுமாம். டப்பா மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். அட்டையில் இருந்த படத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வார்னிஷ் பூசின மாதிரி பளபளக்கும் அந்தச் செங்காளானின் பங்காளி என் தோப்பில் தென்னை அடியில் முளைத்தால், அந்த மரம் போச்சு என்று அர்த்தம். இரண்டும் கானோடெர்மா இனம். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைப் பக்கம் தென்னையைச் சாய்த்ததால்தான் அந்நோய்க்குத் தஞ்சாவூர் வாடல் என்றே பேர்.

மரத்துக்கு எமன் என்பதால் மனுஷனுக்கும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. சீனா, ஜப்பான் மருத்துவத்தில் இது நெடுங்காலமாக இருக்கிறது. இதிலுள்ள பீட்டா குளுக்கான் போன்ற பொருட்கள் நோய் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டுவதாக ஆய்வுகள் உண்டு. ஆனால் காக்ரேன் ஆய்வுக் குழுவினர் புற்றுநோய் குறித்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, முதல் சிகிச்சையாக இதைக் கொடுக்கப் போதிய ஆதாரம் இல்லை, வழக்கமான சிகிச்சையோடு துணையாக வேண்டுமானால் பார்க்கலாம் என்றுதான் சொன்னார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பலன் உறுதியாகவில்லை. அந்த டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். மருந்தாகப் பயன்படுத்த அல்ல என்று பொடி எழுத்தில் அவர்களே போட்டிருக்கிறார்கள்!

எங்க பெரியப்பா மகன், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். யாரோ சொன்னதை நம்பி இந்த கேப்சூலையும் சேர்த்து விழுங்கினார். மூணாவது வாரம் பல் ஈறில் ரத்தம். "ஏண்ணே, டாக்டர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன். "காளான்தானேப்பா, இதுல என்ன சொல்றது" என்றார். காளான்தான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. நிறுத்தச் சொன்னார்; நிறுத்தினதும் ரத்தமும் நின்றது.

ஆகவே, ரத்தம் உறையாமைக்கோ, சர்க்கரைக்கோ, ரத்தக் கொதிப்புக்கோ மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடக் கூடாது. அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்கு வேண்டாம். பொடியாகச் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்ட நிகழ்வுகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. தென்னை அடியில் முளைத்ததை வெட்டிக் கஷாயம் போடுவதோ கூடவே கூடாது. அது எந்த வகை என்று கண்ணால் சொல்ல முடியாது. மரத்துக்கு வேர் வழியாக ஏற்றிய பூசணக்கொல்லியும் அதில் இருக்கலாம்.

அப்போ காளானே வேண்டாமா? வேணும், உணவாக. வைக்கோல் நம்ம வீட்டில் கிடக்கிறது. சிப்பிக் காளான் வளர்க்கலாம். பலர் வைக்கோலை ஃபார்மலினிலும் கார்பென்டசிமிலும் முக்குகிறார்கள். அந்தக் கண்றாவி நமக்கெதற்கு? நாலஞ்சு மணி நேரம் ஊறவைத்து, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் கொதிநீரில் வேகவைத்தாலே போதும். காளான் முழுசாக விரிந்து தூள் பறக்கும் முன் பறியுங்கள். அந்த வித்துத்தூள் நெஞ்சுக்கு ஆகாது, மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். நறுக்கி உச்சி வெயிலில் அரைமணி வைத்தால் வைட்டமின் டி கூடும். நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள்.

பூச்சிமருந்துக் கடைக்காரர் சொன்னதை நம்பாமல் கேள்வி கேட்டுத்தான் நாம் இந்தப் பக்கம் வந்தோம். 'இயற்கை' என்று எழுதியதும் அந்தக் கேள்வியை மடித்து வைத்துவிடலாமா? நம்ம சந்தையில் நோய் தீர்க்கும் என்று சொல்லி விற்கிற டப்பாவுக்கு இடம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பேசுவோம். அந்த மேசையில் நம்ம பெண்கள் வளர்த்த சிப்பிக் காளான் இருக்கட்டும்.