நாலாவது பங்கு

கோயமுத்தூரில் ஒருவரை 'ஃபெல்லோ' என்று சொன்னால் அது வசவு. 'அந்த ஃபெல்லோகிட்ட பணம் குடுத்துராதீங்க' என்கிற மாதிரி. அதே வார்த்தையைப் பெயருக்குப் பின்னால் பெருமையாக அச்சடித்துக்கொள்கிறவர்களும் உண்டு என்பது, போன மாதம் என் மாமா வீட்டுத் திண்ணையில் ஒரு விசிட்டிங் கார்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

மாமா கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவர். கிரைண்டர் மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்தே ஒரு பையன், இரண்டு பெண்களைக் கரையேற்றினார். வயசு 76. திடீரென்று உயில் எழுத ஆசை.

"மூணு பேருக்கு மூணு பங்கு. நாலாவது பங்கு தர்மத்துக்கு. நான் படிச்ச பள்ளிக்கூடத்துக்குக் குடுத்தரோணும் மாப்ளே."

இந்த யோசனை எங்கேயிருந்து வந்தது என்று கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக: பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் குடும்பச் சொத்தைப் பிரித்துக்கொண்டபோது நாலு பங்கு போடவில்லை, ஐந்து போட்டார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. 1926-ல் பி.எஸ்.ஜி. அண்ட் சன்ஸ் சாரிட்டீஸ் டிரஸ்ட் பிறந்தது அப்படித்தான். அதன் நிழலில் 1951-ல் பி.எஸ்.ஜி. டெக் வந்தது, பின்னால் மருத்துவக் கல்லூரியும் வந்தது. இன்றைக்கும் பீளமேட்டில் பஸ் நின்றால் பாதிக் கூட்டம் அந்த ஐந்தாவது பங்குக்குத்தான் இறங்குகிறது.

மாமாவின் பையன் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கவலை.

கார்டுக்காரர் டை கட்டியிருந்தார். பெயருக்குப் பின்னால் மூன்று பட்டம், கடைசியில் 'ஃபெல்லோ'. லேப்டாப்பைத் திறந்து கலர் கலராக வட்டம் காட்டினார். பத்தாவது நிமிஷத்தில் வட்டத்தின் பெரிய துண்டு ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசிக்குள் போய் விழுந்தது.

"உங்களுக்கு ஃபீஸ் எவ்வளவுங்க?" என்றார் மாமா.

"ஃபீஸே கிடையாது சார்!"

மாமா பயந்துவிட்டார். ஓசியில் ஷாஃப்ட் கடைந்து கொடுத்த ஆளை அவர் ஆயுசில் பார்த்ததில்லை.

நான் பி.காம். என்பதால் குடும்பத்தில் இந்த மாதிரி விசாரணையெல்லாம் என் தலையில்தான் விழும். விசாரித்தேன்.

பட்டங்கள் நிஜமாகவே இருக்கின்றன, மட்டமான பட்டங்களும் இல்லை. அமெரிக்காவில் உயில், டிரஸ்ட் வக்கீல்களுக்கென்று ஒரு சங்கம், 1949-லிருந்து. அதில் 'ஃபெல்லோ' ஆக நீங்களாக அப்ளிகேஷன் போட முடியாது. குறைந்தது பத்து வருஷம் அந்தத் தொழிலில் இருந்து, மற்ற ஃபெல்லோக்கள் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். லண்டனில் 1991-ல் ஆரம்பித்த 'ஸ்டெப்' என்ற அமைப்பு 'டி.இ.பி.' என்று மூன்றெழுத்து கொடுக்கிறது. 1927-ல் தொடங்கிய அமெரிக்கன் காலேஜ், தான தர்மத்துக்கு ஆலோசனை சொல்வதற்கென்றே 'சார்ட்டர்ட் அட்வைஸர் இன் ஃபிலான்த்ரபி' என்று ஒரு பட்டம் வைத்திருக்கிறது. கணக்குப் பார்த்தால் அந்தக் காலேஜைவிட நம் பீளமேட்டு டிரஸ்ட் ஒரு வயசு மூத்தது!

நம் ஊர் ஆடிட்டர்கள்கூட ஃபெல்லோதான். ஐந்து வருஷம் தொடர்ந்து பிராக்டீஸ் செய்தால் ஏ.ஸி.ஏ., எஃப்.ஸி.ஏ. ஆகிவிடும். அந்த 'எஃப்' இதே ஃபெல்லோ.

ஆனால் எழுத்துக்கள் சொல்வது, ஆள் படித்திருக்கிறார் என்பதை மட்டும். சம்பளம் யார் தருகிறார்கள் என்பதைக் கார்டில் எவரும் அச்சடிப்பதில்லை. முதலீட்டு ஆலோசனை என்று ஃபீஸ் வாங்க 2013-லிருந்து செபியில் பதிவு வேண்டும். 'எஸ்டேட் பிளானர்' என்று போர்டு மாட்ட எதுவும் வேண்டாம். (எஸ்டேட் என்றால் நமக்கு வால்பாறைதான் ஞாபகம் வரும், அது வேறு.) வேடிக்கை என்னவென்றால், சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் எதிரே தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தருக்கு அரசாங்க லைசென்ஸ் உண்டு.

அங்கேதான் போனோம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மாமாவின் டிராஃப்ட்டைப் படித்தார். வெள்ளைத் தாள் போதும், ஸ்டாம்ப் வேண்டாம், பதிவுகூடக் கட்டாயமில்லை என்றார். மாமாவுக்குச் செலவு மிச்சமான சந்தோஷம். அப்புறம் கேள்விகள் ஆரம்பித்தன.

"இடம் நீங்க வாங்குனதுங்களா, அய்யன் காலத்துச் சொத்துங்களா?" வாங்கினது. "அப்பச் சரி. பாட்டன் சொத்துன்னா உங்க பங்கை மட்டுந்தான் எழுத முடியும்."

"சாட்சி ரெண்டு பேரு போட்டிருக்கீங்க. வயசு என்னங்க?" ஒருவர் 78, இன்னொருவர் 81. "உங்களுக்கப்புறம் கோர்ட்டுக்குப் போனா, சாட்சியில ஒருத்தராவது வந்து சொல்லோணும். இவிய வருவாங்களா?" மாமாவுக்குப் பதில் தெரியவில்லை. சாட்சிக்கு இளவட்டமாகப் பார்க்கச் சொன்னார்.

"பள்ளிக்கூடத்துக்குன்னு எழுதியிருக்கீங்க. பணத்தை ஆரு கையெழுத்துப் போட்டு வாங்கறது? ஹெட்மாஸ்டர் மாறிட்டே இருப்பாரு. பிள்ளைக வராம பள்ளிக்கூடத்தையே மூடிட்டா?" என்ன காரியத்துக்கு, யார் மூலமாக, அது நடக்காவிட்டால் வேறு எதற்கு என்று மூன்றையும் எழுதச் சொன்னார். நிறைவேற்றும் பொறுப்பைப் பையன் பெயரிலும் பெரிய பெண் பெயரிலும் சேர்த்துப் போட்டார். கேள்விப்பட்டதும் பையன் பேச ஆரம்பித்துவிட்டான். பெஞ்சா, கம்ப்யூட்டரா என்று அக்காவோடு போனில் சண்டை போடுகிறான்.

நியாயமாகச் சொன்னால், இதெல்லாம் அந்த ஃபெல்லோ பாடத்திலும் இருக்கும். நம் டைக்காரர் அந்தப் பக்கம் போகவேயில்லை, அவ்வளவுதான்.

எழுத்தர் பேனாவை மூடப் போனவர் நிறுத்தினார். "பசங்க மூணு பேரு, பள்ளிக்கூடம், எல்லாம் ஆச்சு. வீட்டு அம்மாவுக்கு என்னங்க?"

மாமா என்னைப் பார்த்தார். நான் தகரக் கூரையைப் பார்த்தேன். டிராஃப்ட்டை நாலு தடவை படித்துக் காற்புள்ளி வைத்தவன் நான்தான். அத்தை கையால் காபி குடித்துக்கொண்டே.

தாளைக் கிழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். அத்தை காலம் முழுக்க வீடு அத்தைக்கு, பேங்கில் இருப்பதும் அத்தைக்கு, மிச்சத்தில்தான் நாலு பங்கு. எழுத்துக் கூலியை மாமா பேரம் பேசாமல் கொடுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வண்டியில் திரும்பும்போது காந்திபுரம் சிக்னலில் மெதுவாகச் சொன்னார்.

"மறந்துட்டேன்னு உங்க அத்தைகிட்ட சொல்லிராதே மாப்ளே."

சொல்லவில்லை. அத்தை இந்தப் பத்திரிகையில் சமையல் குறிப்பைத் தாண்டி எதையும் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.