அந்த வீடியோவை நீக்கிவிட்டேன், காரணம் இதுதான்

பதிவு கொஞ்சம் நீளம். என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. நான் ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட வீடியோவைப் பற்றித்தான் பேசப்போகிறேன். மாப்பிள்ளை தன் பிக்கப் டிரக்கின் பின்னால் கேம்பிங் டிரெய்லரை மாட்டி, வீட்டு வாசலுக்கு ஏறும் மேட்டுப் பாதையில் ரிவர்ஸில் ஏற்றினாரே, அதுதான். 40 நொடி. அதற்கு வந்த சிரிப்புப் பொம்மைகளை எண்ண முடியவில்லை. "அமெரிக்கா போயும் ரிவர்ஸ் எடுக்கத் தெரியலையே" என்று ஒருவர். "எத்தனை தடவை இறங்கி ஏறுவாரு, கோயில் தேரா ஓட்டுறாரு?" என்று இன்னொருவர். "சைடு பார்த்துச் சொல்றது பொம்பளை, அப்புறம் எப்படி ஏறும்" என்று என் சொந்தத் தம்பி முறையில் ஒருவன். "டீச்சர் கமெண்ட்ரி சூப்பர்" என்று பத்துப் பேர்.

அந்தப் பத்துப் பேருக்கும் நான் ஹார்ட் போட்டேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

முதலில் சிரித்தவர்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மகள் இருப்பது பிட்ஸ்பர்க். ஊர் முழுக்க மேடும் பள்ளமும். இங்கே கேன்டன் அவென்யூ என்று ஒரு தெரு இருக்கிறது. 100 அடி போனால் 37 அடி உயரம், அவ்வளவு செங்குத்து. மகள் வீட்டுப் பாதை அவ்வளவு மோசமில்லை. 60 அடி நீளத்துக்கு 9 அடி உயரம். அதாவது நூற்றுக்கு 15. (ஆமாம், கணக்கு வரத்தான் செய்யும்.) டிரெய்லர் 1,800 கிலோ, டிரக் 2,200 கிலோ, இரண்டும் சேர்ந்து 4,000 கிலோ. நூற்றுக்கு 15 சரிவில் அதை மேலே தள்ள, 600 கிலோ மூட்டையை நேராகத் தூக்குகிற அளவு பலம் வேண்டும். அதுவும் பின்னோக்கி, பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாமல்.

"முன்பக்கமாகவே ஏற்றிவிட வேண்டியதுதானே" என்று கேட்டவருக்கு: மேலே திருப்ப இடம் கிடையாது. முன்பக்கமாக ஏற்றினால், அடுத்த முறை வெளியே எடுக்கும்போது, வண்டி ஓடுகிற தெருவுக்குள் இறக்கத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு ரிவர்ஸில் இறங்க வேண்டும். அதனால்தான் ஏற்றும்போதே கஷ்டப்படுகிறார்கள்.

டிரெய்லர் மாட்டிய வண்டியில் ஸ்டியரிங்கே தலைகீழ். வலப்பக்கம் திருப்பினால் டிரக்கின் பின்பக்கமும் கொக்கியும் வலப்பக்கம் போகும், டிரெய்லரின் வால் இடப்பக்கம் போகும். பூங்காவில் ஏற்றப்பலகை பார்த்திருப்பீர்கள். ஒரு முனை இறங்கினால் மறுமுனை ஏறும், நடுவில் அச்சு. இங்கே அந்த அச்சு டிரெய்லரின் சக்கரம். கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிட்டால் டிரக்கும் டிரெய்லரும் பேனாக்கத்தி மடிவது போல மடிந்துகொள்ளும். மடிய ஆரம்பித்தால் ரிவர்ஸில் சரிசெய்ய முடியாது, முன்னால் இழுத்துத்தான் நேராக்க வேண்டும். மேட்டில் முன்னால் இழுப்பது என்றால் ஏறினதையெல்லாம் இறங்குவது. உங்களுக்கு "தேர்" போலத் தெரிந்தது இதுதான்.

சக்கரம் சுற்றிப் புகை வந்ததற்கும் சிரித்தீர்கள். அதற்கும் காரணம் உண்டு. டிரக்கின் மூக்கு பள்ளத்தைப் பார்த்து இருக்கிறது, பாரம் முன்சக்கரத்துக்குப் போய்விடுகிறது. தள்ள வேண்டிய பின்சக்கரமோ காலியான தொட்டிக்கு அடியில் லேசாக நிற்கிறது. தரையைப் பிடிக்காது. மாப்பிள்ளை ஆக்ஸிலேட்டரை மிதித்து வீரம் காட்டவில்லை. நிறுத்தினார், டிரெய்லரை நேராக்கினார், நான்கு சக்கரமும் இழுக்கிற மெதுவான கியருக்கு மாற்றினார். அதற்குப் பிறகு வண்டி நத்தை மாதிரி ஏறியது. அந்தப் பகுதியைப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை.

முதல் முறை அவர் இறங்கியது டிரெய்லரின் வால் மேட்டில் இடிக்கிறதா என்று பார்க்க. இடித்தது. பலகையைக் கொண்டுவந்து டிரெய்லர் சக்கரத்துக்கு அடியில் போட்டு வாலைத் தூக்கினார். இரண்டாவது முறை பக்கத்து வீட்டுத் தபால் பெட்டியைப் பார்க்க. மூன்றாவது முறை மகளோடு பேச, "நான் கண்ணாடியில் உன்னைப் பார்க்க முடியாத இடத்துக்கு நீ போனால் அந்த நொடியே நிறுத்திவிடுவேன்" என்று. இறங்கிப் பார்ப்பது தெரியாதவன் வேலை என்று உங்களுக்கு யார் சொன்னது? இங்கே பெரிய லாரி ஓட்டுகிறவர்களுக்கே பயிற்சியில் முதலில் சொல்லித் தருவது, சந்தேகம் வந்தால் இறங்கிப் பார் என்பதுதான். வகுப்பில் கை தூக்கிச் சந்தேகம் கேட்ட பிள்ளையைப் பார்த்துச் சிரித்தவனை நான் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். சிரித்தவர்களில் சிலருக்கு அது ஞாபகம் இருக்கும்.

அந்தத் தம்பிக்குத் தனியாக ஒன்று. சைடு பார்த்துச் சொல்ல மீசை தேவையில்லையப்பா. கண்ணும் நிதானமும் போதும். அன்றைக்கு அங்கே இருந்த பெரியவர்களில் மீசை இருந்த ஒரே ஆள் மாப்பிள்ளை. பின்னால் என்ன இருக்கிறதென்று பார்க்க முடியாமல் இருந்தவரும் அவர் ஒருவர்தான்.

திங்கட்கிழமை ஒரு போன் வந்தது. பழைய மாணவன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கரும்பு ஆலைக்கு டிராக்டர் ஓட்டுகிறான். பின்னக் கணக்கு வரவில்லை என்று அவனை நான் ஒரு நாள் எல்லார் முன்னாலும் "நீ டிராக்டர் ஓட்டத்தான் லாயக்கு" என்று சொல்லியிருக்கிறேன். அவன் ஞாபகப்படுத்தவில்லை. எனக்கே ஞாபகம் இருக்கிறது.

"டீச்சர், ஸ்டியரிங்க மேல புடிக்க வேணாம்னு சொல்லுங்க. அடியில புடிக்கச் சொல்லுங்க. டிரெய்லர் வாலு எந்தப் பக்கம் போவணுமோ, கை அந்தப் பக்கம் போனாப் போதும். கொழப்பமே வராது. அப்புறம் கீழயே நேர் பண்ணிக்கணும். மேட்டுல ஒடிக்கவே கூடாது."

மாப்பிள்ளையிடம் சொன்னேன். மறுநாள் காலி மைதானத்தில் போய்ப் பழகிப் பார்த்துவிட்டு, "அத்தை, யார் அவர்? நான் எத்தனையோ வீடியோ பார்த்தும் மண்டையில் ஏறவில்லை, ஒரே வரியில் புரியவைத்துவிட்டார்" என்றார். நான் 31 வருடம் பாடம் நடத்தியவள். எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் போனை வைக்கும் முன் அவன் இன்னொன்று கேட்டான். "டீச்சர், வீடியோ எடுத்தது நீங்கதானே? நீங்க எங்க நின்னீங்க?"

அத்தனை கமெண்டில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி.

நான் வண்டிக்குப் பின்னால் நின்றேன். மேட்டின் உச்சியில், டிரெய்லருக்கு நேர் பின்னால், போனைப் பிடித்துக்கொண்டு. "வாங்க மாப்பிள்ளை வாங்க, நிறைய இடம் இருக்கு, வாங்க" என்று கத்திக்கொண்டு. நீங்கள் சூப்பர் என்று சொன்ன கமெண்ட்ரி அதுதான். நிறைய இடம் இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்துக்கொண்டிருந்தது போன் திரையை.

வீடியோ உண்மையில் 51 நொடி. கடைசி 11 நொடியை வெட்டிவிட்டுத்தான் போட்டேன். அந்த 11 நொடியில், கராஜின் பக்கக் கதவைத் திறந்துகொண்டு பேத்தி, நான்கு வயது, "பாட்டி" என்று என் குரல் கேட்ட திசைக்கு ஓடி வருகிறாள். டிரெய்லருக்கும் சுவருக்கும் நடுவில். மகள் "நிறுத்து" என்று அலறுகிறாள். அதே நேரத்தில் நான் "வாங்க வாங்க" என்கிறேன். மாப்பிள்ளைக்கு இரண்டு குரலும் கேட்கிறது. எதைக் கேட்பது என்று ஒரு கணம். பிறகு பிரேக். போன் என் கையிலிருந்து விழுகிறது, படத்தில் வானம் தெரிகிறது. குழந்தைக்கும் டிரெய்லருக்கும் இடையில் இருந்தது என் முழங்கை நீளம்.

அதை வெட்டிவிட்டு, சிரிக்கும்படி மிச்சத்தைப் போட்டேன். மாப்பிள்ளையை நீங்கள் எல்லாரும் கேலி செய்தபோது சேர்ந்து சிரித்தேன். தப்பு செய்தவள் நான், திட்டு வாங்கியது அவர். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த அபூர்வம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2014-இல் சொன்ன கணக்கு: ரிவர்ஸ் எடுக்கும் வண்டிகளில் அடிபட்டு வருடத்துக்குச் சராசரியாக 210 பேர் சாகிறார்கள், 15,000 பேர் காயப்படுகிறார்கள். செத்தவர்களில் நூற்றுக்கு 31 பேர் ஐந்து வயதுக்குக் கீழே. நூற்றுக்கு 26 பேர் 70 வயதும் அதற்கு மேலும். பேத்தி முதல் கணக்கு. நான் இன்னும் சில வருடத்தில் இரண்டாம் கணக்கு. 2002-இல் குழந்தை மருத்துவர் ஒருவர் தன் வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது அவருடைய இரண்டு வயது மகனே அடிபட்டு இறந்துபோனான். அந்தக் குழந்தையின் பெயரில்தான் இங்கே சட்டம் வந்தது. 2018 மே மாதத்திலிருந்து புதிய கார், பிக்கப் எல்லாவற்றிலும் பின்பக்கக் கேமரா கட்டாயம்.

"அப்புறம் என்ன, கேமராதான் இருக்கே" என்பீர்கள். மாப்பிள்ளையின் டிரக்கிலும் இருக்கிறது. பின்னால் டிரெய்லரை மாட்டிவிட்டால் அந்தக் கேமராவில் தெரிவது டிரெய்லரின் மூஞ்சி மட்டும். அதற்கு அப்பால் நான் நின்றாலும் யானை நின்றாலும் ஒன்றுதான்.

டவுன் பஸ்ஸில் போயிருக்கிறீர்கள். ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. ஊதுவது கண்டக்டர் ஒருவர். பஸ்ஸில் இருக்கும் 50 பேரும் ஆளுக்கொரு விசில் வைத்திருந்தால் டிரைவர் எதைக் கேட்பார்? ஆனால் நம் வீட்டு வாசலில் ஒரு கார் ரிவர்ஸ் வந்தால் மட்டும் மாமா, சித்தப்பா, பால்காரர், எதிர் வீட்டுக்காரர் எல்லாரும் கண்டக்டர். "லெஃப்ட்ல ஒடி", "ரைட்ல ஒடி", "வரலாம் வரலாம்". அதுவும் எல்லாரும் வண்டிக்குப் பின்னால், குழந்தைகளும் வேடிக்கை பார்க்க அங்கேயே. கல்யாண மண்டபத்தில் பாருங்கள், கோயில் வாசலில் பாருங்கள். நாளைக்குப் பொங்கலுக்கு ஊருக்குக் காரில் போகப்போகிறவர்கள் உங்களில் எத்தனை பேர்? அந்தச் சந்துக்குள் யார் சைடு பார்ப்பது என்று கிளம்பும் முன் பேசிக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் பார்க்கட்டும். டிரைவரின் கண்ணாடியில் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் நிற்கட்டும். "நில்" என்ற வார்த்தையை மட்டும் யார் வேண்டுமானாலும் கத்தலாம், கேட்டதும் நிறுத்த வேண்டும். மற்றவர்கள் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போங்கள். வேடிக்கை பார்க்க அது என்ன கரகாட்டமா?

மாப்பிள்ளையிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "விடுங்க அத்தை" என்று காப்பி போட்டுக் கொடுத்தார். கேலி செய்தவர்களும் அவருக்கு இரண்டு வரி எழுதினால் நல்லது, கட்டாயமில்லை. வீடியோவை யாராவது இறக்கி வைத்திருந்தால் அழித்துவிடுங்கள். குரூப்பில் ஃபார்வர்ட் செய்தவர்கள் அங்கேயும் சொல்லிவிடுங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை மறுபடி ஏரிக்கரைக்கு முகாம் போகிறார்கள். ஞாயிறு சாயங்காலம் டிரெய்லர் மறுபடி மேட்டில் ஏற வேண்டும். மகள் சைடு பார்ப்பாள். நான் சமையலறையில், பேத்தி என் மடியில், கராஜ் கதவுக்குத் தாழ் போட்டிருக்கும். போன் சார்ஜில் கிடக்கும்.