விலை கேட்கலாம், மனசு நோகக் கூடாது

பேரம் பேசுவது தப்பா? இல்லவே இல்லை. பால் பாக்கி, பள்ளிக்கூட வேன் கட்டணம், மாமியாருக்கு மாத்திரை என்று மாதக் கடைசியில் கணக்குப் போட்டுக் குடும்பம் நடத்துகிற நமக்கு, பத்து ரூபாய் மிச்சம் பிடிப்பதும் ஒரு சம்பாத்தியம்தான். காய் வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் கேட்டு வாங்கிப் பழகிய கை அல்லவா! ஆனால், இன்றைக்குப் பாதிக் கடைத்தெரு கைபேசிக்குள் வந்துவிட்டது. எதிரே முகம் தெரியவில்லை என்றதும் நம் பேச்சின் பதம் மாறிப் போவதைக் கவனித்தீர்களா?

கடையில், "ஏனுங்க்ணா, கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறவர்கள்கூட, வாட்ஸ்அப்பில் "லாஸ்ட் ப்ரைஸ்?" என்று மொட்டையாக எழுதுகிறார்கள். வணக்கமும் இல்லை, 'ங்க'வும் இல்லை. நம் கொங்குச் சீமையில் 'ங்க' போடாமல் பேசினால், சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்!

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையைப் பார்த்திருப்பீர்கள். செவ்வாய், வியாழக்கிழமைகளில் கூடுகிற பெரிய சந்தை. கேரளத்து வியாபாரிகளும் வருவார்கள். அங்கே விலையைக் கூவிச் சொல்வதில்லை. இருவர் கைகளையும் ஒரு துண்டு மூடியிருக்கும். அதற்குள்ளே விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பார்கள். விற்றவர் எவ்வளவு இறங்கினார், வாங்கியவர் எவ்வளவு ஏறினார் என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. படியாவிட்டால் கையை எடுத்துக்கொண்டு அவரவர் வழியே போகலாம். யாருக்கும் தலைகுனிவு இல்லை. ஆன்லைனில் விலை கேட்க நமக்கு வேண்டியதும் இந்தத் துண்டுதான்.

ஏன் என்கிறீர்களா? என் நாத்தனார் மகள் பொள்ளாச்சியில் இருக்கிறாள். நெகமம் பக்கத்துத் தறிகளிலிருந்து பருத்திச் சேலை எடுத்து, வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு விற்கிறாள். ஒரு நாள் கணக்கு நோட்டை என் முன்னால் விரித்தாள். விலை 1,200 ரூபாய். தறிக்காரருக்கு 980, கூரியருக்கு 70, அட்டைப்பெட்டிக்கும் உறைக்கும் 20. மீதி 130. "இதுல 200 ரூபா கொறைக்கச் சொல்றாங்க அத்தை. கொறைச்சா என் கையிலிருந்து 70 ரூபா போட்டுக் குடுக்கோணும்" என்றாள். அதைவிடச் சங்கடம், குழுவில் எல்லோரும் பார்க்கும்படி கேட்பதுதானாம். ஒருவருக்குக் குறைத்தால், நேற்று முழு விலை கொடுத்தவர்கள் "எங்களை மட்டும் ஏமாத்திட்டியா?" என்பார்கள். குறைக்காவிட்டால், "கறார் பேர்வழி" என்று பெயர். அவள் எப்படிப் பதில் சொன்னாலும் நஷ்டம். அதையே தனிச் செய்தியில் கேட்டிருந்தால், முடியும் முடியாது என்று நிம்மதியாகச் சொல்லியிருப்பாள்.

"கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு 30 சதவீதம் தள்ளுபடி தர்றாங்களே, நீங்க ஏன் தரக்கூடாது?" என்றும் சிலர் மடக்குகிறார்கள். அது 1935-ல் தொடங்கிய பெரிய கூட்டுறவுச் சங்கம். கைத்தறித் தள்ளுபடிக்கு அரசு மானியமும் உண்டு. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விற்கிற பெண்ணுக்கு மானியம் யார் தருவார்கள்? அதே போல, விசைத்தறிச் சேலையின் படத்தை அனுப்பி, "இது பாதி விலைதானே?" என்பதும் நியாயமில்லை. கைத்தறிக்கு ஒரு சேலைக்கு இவ்வளவு என்று கூலி. நாம் அடித்துக் குறைக்கிற காசு, கடைசியில் அந்தக் கூலியில் போய்த்தான் இடிக்கும்.

எங்கே கேட்கலாம், எங்கே கேட்கக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். அமேசான், ஃபிளிப்கார்ட் மாதிரி பெரிய தளங்களில் பேரத்துக்கு இடமில்லை. கூப்பன் பார்க்கலாம், பண்டிகைத் தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம். பார்சலில் இருக்கும் நம்பரைப் பிடித்து, "வெளியே நேரா குடுத்தா எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். பொருள் பழுதானால் திருப்பி அனுப்பவும், பணத்தை மீட்கவும் அந்தத் தளத்தின் பாதுகாப்பு கிடைக்காது. பாக்கெட் பொருள்களில் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி. என்பது அதிகபட்ச விலை. அதற்கு மேல் வாங்கக் கூடாதே தவிர, குறைத்துத் தரத் தடையில்லை. ஆகவே கேட்பதில் கூச்சம் வேண்டாம். பழைய கட்டில், தொட்டில், கிரைண்டர் விற்கிறவர்களோ பேரத்தை எதிர்பார்த்தேதான் விலை போடுவார்கள். தாராளமாகக் கேளுங்கள். ஆனால், போனில் ஒரு விலைக்கு ஒத்துக்கொண்டு, வண்டியோடு வாசலில் போய் நின்று மறுபடி குறைக்கச் சொல்லாதீர்கள். சொல்லாத பழுது ஏதாவது தெரிந்தால் மட்டும் பேசலாம்.

வீட்டிலிருந்து விற்கும் பெண்களிடம் கேட்க நான் கடைப்பிடிக்கும் முறை இது. அவர் எழுதியிருப்பதை முழுக்கப் படிப்பேன். 'ஒரே விலை' என்று இருந்தால் கேட்பதே இல்லை. இல்லையென்றால் தனிச் செய்தியில், ஒரே ஒரு தடவை, நிச்சயம் வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் கேட்பேன். வெறுமனே 'குறைங்க' என்னாமல் ஒரு காரணத்தோடு கேட்பேன்: "வணக்கங்க. மஞ்சள் சேலை, பச்சைச் சேலை ரெண்டுமே எடுத்துக்கறனுங்க. கூரியர் காசு மட்டும் விட்டுக் குடுக்க முடியுங்களா? முடியலைன்னாலும் பரவால்லைங்க."

அந்தக் கடைசி வரிதான் துண்டு! மறுப்பதற்கு அவருக்கு வழி விடுகிறது. மறுத்தால், "சரிங்க, அடுத்த தடவை பாக்கலாம்" என்று முடித்துவிட வேண்டும். ஒத்துக்கொண்டால் அன்றைக்கே பணத்தைப் போட்டுவிட வேண்டும். குறைத்துக் கொடுத்த விலையைக் குழுவில் தம்பட்டம் அடிக்கக் கூடாது. பார்சல் கட்டிய பிறகு புதிதாகப் பேரம் ஆரம்பிப்பதும், "குறைக்காட்டி மோசமா விமரிசனம் எழுதிருவேன்" என்று மிரட்டுவதும் நம் வீட்டுப் பெண்களுக்கு அழகில்லை.

கேட்டுக் குறைகிற ஐம்பது ரூபாய் அந்த மாதத்தோடு செலவாகிவிடும். கேட்ட விதம் நன்றாக இருந்தால், அடுத்த முறை தறியிலிருந்து நல்ல சேலை இறங்கியதும் முதல் படம் நமக்குத்தான் வரும்!