குறியிட்ட அணுக்கள்

தாவர எண்ணெயை ஐதரசன் கொண்டு இறுகச் செய்ய நிக்கல் ஊக்கியாகிறது. அவ்வுலோகத்தின் மேற்பரப்பில் நிகழ்வதைக் கண்ணாற் காண இயலாது, அறிவது எங்ஙனம்?

1931இல் அமெரிக்க விஞ்ஞானி யூரே கண்டறிந்த தூத்தேரியம் இதற்கு உதவிற்று. அதுவும் ஐதரசனே, பாரமோ ஏறக்குறைய இருமடங்கு. குறிசுட்ட மாடு எம்மந்தையிற் புகுந்தாலும் இனங்காணப்படுமன்றோ?

நான்கு ஐதரசன் அணுக்களையுடைய எதிலீனைத் தூத்தேரியத்தோடு நிக்கலின்மேற் செலுத்தினால், இரு தூத்தேரிய அணுக்கள் சேர்ந்த ஈதேனே பிறக்குமென எதிர்பார்ப்போம். ஆனால், தூத்தேரியமே இல்லாதது முதல் ஆறு அணுவும் தூத்தேரியமானது வரை பலவகை ஈதேன்கள் பிறக்கின்றன!

1934இல் ஹொரியுச்சியும் பொலானியும் கூறிய விளக்கம் இதற்குப் பொருந்துகிறது: ஓரணு சேர்ந்தபின், மற்றோரணு கழன்று, மூலக்கூறு அரைவழியிலே திரும்பவுங்கூடும்.

எண்ணெயிலும் அவ்வாறே. அரைவழியில் மீளும் மூலக்கூறு சிலவேளை உருமாறி மீளும். இதயத்துக்குக் கேடான திரான்ஸ் கொழுப்பு அங்கே பிறப்பது அங்ஙனமே.