பளபளப்பும் உப்புக் காற்றும்

ஸைக்கிள் வாங்கக் கிளம்பும் குடும்பத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. மிதிகட்டையோடு சுழலும் பெரிய பல்சக்கரம் முகம் பார்க்கும்படி மின்ன வேண்டும் என்பது ஒன்று. கறுப்பு எனாமலே போதும் என்பது மற்றொன்று. கோயமுத்தூரில் இந்த வழக்கு எப்படித் தீர்ந்தாலும் நமக்குக் கவலையில்லை. காத்திவாக்கத்தில் அப்படி விட்டுவிட முடியாது. கிழக்கே வங்கக் கடல், வடக்கே எண்ணூர்க் கழிமுகம், காற்றெல்லாம் உப்பு. ஆலைக்குப் போகிறவரின் சங்கிலி வழியில் அறுந்தால் அன்றைய கூலிக்கே ஆபத்து.

மின்னுவது குரோமியம். ஆனால் எஃகை உண்மையில் காப்பது அதற்கு அடியிலுள்ள நிக்கல். மேலுள்ள குரோமியமோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. அதிலும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. நிக்கலிலும் சிக்கனம் செய்திருந்தால் உப்பீரம் எஃகைத் தொட்டுவிடும். முதலில் பழுப்புப் புள்ளி, பிறகு செதில். எண்ணெய்ப் பிசுக்கு ஒரே துடைப்பில் போய்விடும் என்பது வாஸ்தவந்தான். செதில் கிளம்பினாலோ வீட்டில் செய்யக்கூடியது அதிகமில்லை.

எனாமல் கல் பட்டால் உதிரும். அவ்விடத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சிறிது வர்ணம் தடவினால் தீர்ந்தது. பல்முனைகளில் எந்தப் பூச்சும் நிலைக்காது, சங்கிலி அரைத்துவிடும். அங்கே எண்ணெய்தான் காவல். அலுமினியச் சக்கரத்துக்குச் செந்துரு இல்லை. ஆனால் மேற்பூச்சு கீறிய இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். சலவைச் சோடா அதற்கு ஆகவே ஆகாது.

அம்பத்தூரில் 1949-இல் டி. ஐ. ஸைக்கிள்ஸ் ஏற்படுமுன் சென்னையில் ஓடியவை பெரும்பாலும் சீமை வண்டிகளே. ராலே கம்பெனியார் சக்கரத்திலே நாரைத் தலைகளை வெட்டி வைத்தார்கள். அழகுதான்! ஒவ்வொரு கழுத்து வளைவிலும் விரலை விட்டு மணலை எடுப்பது யார்?

கழுவலாமே என்பீர்கள். நல்ல தண்ணீரைக் குடக் கணக்கில் எண்ணும் ஊரில் ஸைக்கிளுக்கு மிஞ்சுவது உவர்நீரே. அதில் கழுவுவதைவிடக் கழுவாதிருப்பது மேல். பித்தளைக்குப் பழகிய கை புளியையும் சாம்பலையும் தேடும், வேண்டாம். புளி எஃகை அரிக்கும், சாம்பல் கீறும். மண்ணெண்ணெய் நனைத்த துணி, பிறகு உலர்ந்த துணி, சங்கிலிக்குச் சில சொட்டு மெஷின் எண்ணெய். வாரம் ஒரு முறை போதும்.

ஆகவே நம் ஓட்டு, வெட்டுவேலை குறைந்த கறுப்புச் சக்கரத்துக்கே. பிள்ளைகள் பளபளப்புக் கேட்டு அழுதால், மணியை மட்டும் குரோமியத்தில் வாங்கிக் கொடுக்கலாம்.